32 வீடு, 12 லட்சம்: சோலார் பேனலா, சோலார் ஹீட்டரா, ஜெனரேட்டருக்குப் பதில் பேட்டரியா?

ஒயிட்ஃபீல்ட் வாசி:

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மென்ட். தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம், தளத்துக்கு எட்டு வீடு. சங்கக் கணக்கில் உள்ள 12 லட்சத்தைக் கார்பன் வெளியீட்டைக் குறைக்கும் வேலைக்கே செலவழிப்பது என்று பொதுக்குழுவில் முடிவாகிவிட்டது. எந்த வேலைக்கு என்பதில்தான் இழுபறி.

பொது மீட்டருக்கு பெஸ்காம் (மின் விநியோக நிறுவனம்) அனுமதித்த லோடு 30 கிலோவாட். லிஃப்ட், சம்ப் மோட்டார், எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயர், காரிடார் லைட் எல்லாம் சேர்த்து மாதம் 3,400 யூனிட் ஓடுகிறது. 62.5 கே.வி.ஏ. (அதாவது 50 கிலோவாட்) ஜெனரேட்டருக்கு மாதம் 120 லிட்டர் டீசல். மொட்டை மாடியில் டேங்க், லிஃப்ட் ரூம் போக 2,200 சதுர அடி காலி.

20 கிலோவாட் சோலார் (கொட்டேஷன் 11 லட்சம்), எல்லா வீட்டுக்கும் சோலார் ஹீட்டர், ஜெனரேட்டருக்குப் பதில் லித்தியம் பேட்டரி, கேஸை விட்டு இன்டக்ஷன் என்று நாலு யோசனை வந்திருக்கிறது. "கரண்டே நிலக்கரியில்தான் வருது, பேனல் செய்யறதும் புகைதானே" என்கிறார் ஒருவர். எதில் அதிகம் குறையும்?

மின்கணக்கு:

முதலில் அந்த நிலக்கரிக் கேள்வி. கர்நாடகத்தில் பாவகடா சோலார் பூங்கா, ஷராவதி நீர்மின் நிலையம், கைகா அணுமின் நிலையம் எல்லாம் இருந்தாலும், தென்னகக் கிரிட் (மின் கடத்தும் வலைப்பின்னல்) 2013 டிசம்பர் 31 முதல் நாட்டின் மற்ற கிரிட்டோடு ஒன்றாகிவிட்டது. அதனால் நாட்டின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும்: யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. பேனல் செய்வதில் வரும் புகையையும் சேர்த்தே ஐ.பி.சி.சி.யின் (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) 2014 அறிக்கை கணக்குப் போட்டிருக்கிறது. யூனிட்டுக்கு மாடி சோலார் 41 கிராம், நிலக்கரி 820 கிராம். கரண்ட் நிலக்கரியில் வருகிறது என்பது சோலார் போடுவதற்கான காரணம், வேண்டாம் என்பதற்கானது அல்ல.

பெங்களூரு வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குறையும், பிப்ரவரி, மார்ச்சில் கூடும். 20 கிலோவாட்டுக்கு வருடம் சுமார் 29,000 யூனிட், அதாவது 20 டன் மிச்சம்.

டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ. வருடம் 1,440 லிட்டருக்கு 3.9 டன்தான் வருகிறது. ஆனால் அந்தப் புகை படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வருகிறது. அந்தத் தீங்கு இந்த 3.9 டன்னில் அடங்காது. தவிர, 50 கிலோவாட் திறனுள்ள ஜெனரேட்டரில் 8, 10 கிலோவாட் மட்டும் ஓட்டினால் லிட்டருக்கு 2, 2.5 யூனிட்தான் கிடைக்கும். கரண்ட் போகும்போது எவ்வளவு லோடு ஏறுகிறது என்பதை கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) வைத்து மூன்று ஃபேஸிலும் ஒரு வாரம் எழுதிவையுங்கள். அந்த எண் இல்லாமல் பேட்டரி கொட்டேஷனே கேட்காதீர்கள்.

ஹீட்டரில்தான் பெரிய எண் ஒளிந்திருக்கிறது. 100 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி ஏற்ற 4 யூனிட் வேண்டும். 32 வீடு, 300 நாள் என்றால் 38,400 யூனிட், கிட்டத்தட்ட 27 டன். சோலார் பேனலையே மிஞ்சுகிறது. ஆனால்...

கம்பிவேலை:

அந்த "ஆனால்" குழாய்தான். கட்டும்போதே வெந்நீர் லைன் போடாத கட்டிடத்தில் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு 20 மீட்டர் குழாய் இறக்கினால், அதில் நிற்கும் ஆறு லிட்டர் ஆறிய தண்ணீரை ஒவ்வொரு காலையும் வடித்த பிறகுதான் சூடு வரும். டேங்கர் தண்ணீர் வாங்கும் ஒயிட்ஃபீல்டில் அது நடக்காது. இரண்டு வாரத்தில் எல்லோரும் கீசர் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். சுற்றி ஓட பம்ப் வைத்தால் குழாய் நாள் முழுக்கச் சூட்டை இழக்கும்.

மேல்தளத்து எட்டு வீட்டுக்கு மட்டும் 1,000 லிட்டர் போடுங்கள். வருடம் 12,000 யூனிட், 8 டன்னுக்கு மேல். போர்வெல் தண்ணீர் என்றால் தகடு வகையில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தண்ணீர் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் அமைப்பு) உள்ளதுதான். நேரடி வகையில் செம்புக் குழாய்க்குள் உப்பு படிந்து அடைத்துவிடும். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆனோடை (தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரையும் கம்பி) வருடம் ஒரு தடவை கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். இதை விட்டால் தொட்டியே துரு ஏறி ஒழுகும்.

இடம் போதும். 540 வாட் பேனல் 37 வரும், ஒன்று 2.28 x 1.13 மீட்டர். நடக்க வழி விட்டு 1,700 சதுர அடி. மீதியில் ஹீட்டர்.

நிழலில் ஏமாறாதீர்கள். "தெற்கே பார்த்து வை, டேங்குக்கு வடக்கே வைக்காதே" என்பது பாதி உண்மைதான். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் ஊரில் மதிய சூரியன் வடக்கே நிற்கும், டேங்க் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் 3 மீட்டர் டேங்கின் நிழல் மதியமே 2.2 மீட்டர் வடக்கே நீளும், காலை ஒன்பதுக்கு அதைவிட அதிகம். ஒரு ஸ்ட்ரிங்கில் (தொடராக இணைத்த பேனல் வரிசை) ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தி சரியும். நிழல் படும் பேனல்களையெல்லாம் ஒரே ஸ்ட்ரிங்கில் சேர்த்து இன்வெர்ட்டரின் தனி எம்.பி.பி.டி.யில் (அந்த வரிசையை மட்டும் தனியாகக் கவனிக்கும் உள்ளீடு) கொடுக்கச் சொல்லுங்கள். சாய்வு 10 முதல் 15 டிகிரி.

தளத்தைத் துளைக்க விடாதீர்கள். வாட்டர்புரூஃபிங் போய் அடுத்த மழைக்கு மேல்தளம் ஒழுகும். கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்தலாம், காற்று வேகக் கணக்கை இன்ஜினியர் கையெழுத்தோடு கேளுங்கள். பேனல் பக்கத்து டி.சி. மின்சாரம், இன்வெர்ட்டருக்குப் பிறகு வரும் ஏ.சி. மின்சாரம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி. பேனல் கம்பிகளை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். வேறு கம்பெனியைச் சொருகினால் உள்ளே தொடர்பு தளர்ந்து சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஒயிட்ஃபீல்ட் வாசி:

ரொம்ப நன்றி சார். கரண்ட் போனால் சோலார் பகலில் லிஃப்டை ஓட்டுமா? இன்டக்ஷன் பற்றி யாரும் சொல்லவில்லையே.

மின்கணக்கு:

ஓட்டாது. கிரிட்டோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று தானாக நின்றுவிடும். பேட்டரியுள்ள ஹைப்ரிட் என்றால்தான் ஓடும்.

இன்டக்ஷன் இப்போதைக்கு எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. 14.2 கிலோ சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ கரியமில வாயு. அதே சமையலுக்கு இன்டக்ஷனில் 125 யூனிட், 0.7 வீதம் 88 கிலோ. கிரிட் யூனிட்டுக்கு 0.33 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் இன்டக்ஷன் ஜெயிக்கும். இது எரியும் இடத்துக் கணக்கு மட்டும். சுரங்கம், சுத்திகரிப்பு, லாரி சேர்க்கவில்லை. வீட்டுக்குள் புகை இல்லை என்பது தனி நன்மை.

கம்பிவேலை:

சோலார் இன்வெர்ட்டரை சேஞ்ச்ஓவருக்கு (பெஸ்காமிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) முன்னால், பெஸ்காம் பக்கம் இணைக்கச் சொல்லுங்கள். பின்னால் இணைத்தால் ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரும் அதோடு சேர்ந்து தள்ளும். ஜெனரேட்டர் லோடு 30 சதவீதத்துக்குக் கீழே போய் எரியாத டீசல் சைலன்சரில் ஒழுகும், சில நேரம் ரிவர்ஸ் பவரில் (கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்து) டிரிப் ஆகும்.

சம்ப் மோட்டாரை டைமரில் காலை 10 முதல் 3 வரை ஓட்டுங்கள், பேனல் கரண்டு அங்கேயே செலவாகும். எஸ்.டி.பி. புளோயரை மட்டும் இரவில் முழுக்க நிறுத்தாதீர்கள், ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா செத்து நாற்றம் வரும். வேகம் குறைக்க வி.எஃப்.டி. போடலாம்.

மின்கணக்கு:

பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கத்தின் பொது இணைப்புக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். 20 கிலோவாட்டுக்கு 3.6 லட்சம் திரும்பும், அதில் மேல்தள ஹீட்டரைத் தொடங்கலாம். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம், அதனால் கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். முதலில் முழுத் தொகையும் சங்கம்தான் கட்ட வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.