ஏழாம் வசனம் எங்கே போச்சு?

குழு: பாளை குடும்பம்
திரித்துவ ஞாயிறு, மாலை

லில்லி அத்தை: (ஃபார்வர்டு) 🚨 எச்சரிக்கை!!! புதிய வேதாகமங்களில் 1 யோவான் 5:7 நீக்கப்பட்டுவிட்டது! திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை) அழிக்கச் சாத்தானின் சதி! உடனே திறந்து பாருங்கள். 10 பேருக்கு அனுப்புங்கள் 🙏🔥

லில்லி அத்தை: நானும் பார்த்துவிட்டேன். நம் பழைய வேதாகமத்தில் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று தெளிவாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆர்.சி. அக்காவின் திருவிவிலியத்தில் ஆவி, நீர், இரத்தம் மட்டும்தான். பிதாவைக் காணோம்!

மாலா சித்தி: ஐயோ. இன்றைக்குத்தானே சர்ச்சில் நம் போதகர் ஐயர் திரித்துவத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பிரசங்கம் பண்ணினார்.

சித்தப்பா: யாரும் நீக்கவில்லை அக்கா. இல்லாததை நடுவில் சேர்த்தார்கள், இப்போது எடுத்துவிட்டார்கள். திரித்துவமே மனுஷர் சேர்த்ததுதான் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்.

பெரியப்பா: ஆரம்பித்துவிட்டாயா தம்பி.

சித்தப்பா: ஆரம்பித்தது அக்கா, அண்ணே. டேனிக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டார் "மூன்று பெயர் வேண்டாம், இயேசுவின் நாமத்தில் மட்டும் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கட்டும்" என்று கேட்டதற்கு எல்லாரும் குதித்தீர்களே. இப்போது உங்கள் ஆதார வசனமே போய்விட்டது.

டேனி: என்னை ஏன் இழுக்கிறீர்கள் சித்தப்பா 😅

ஜெபா: நான் கொஞ்சம் சொல்லலாமா? போன செமஸ்டரில் இதைத்தான் படித்தோம்.

பெரியப்பா: சொல்லு மக்கா. இறையியலில் பி.டி. படிக்கிறவள் வாயிலிருந்தே வரட்டும்.

ஜெபா: அந்த வசனத்தில் சித்தப்பா சொல்வது சரி. 4ம் நூற்றாண்டு சீனாய்ப் பிரதியில் இல்லை, வத்திக்கான் பிரதியில் இல்லை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதி எதிலுமே இல்லை. பின்னால் வந்த சிலவற்றில் எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் வேடிக்கை. உள்ளே இருக்காது, பக்க ஓரத்தில் வேறொருவர் கையெழுத்தில் இருக்கும். அத்தை வேதாகம ஓரத்தில் பிரசங்கக் குறிப்பை பென்சிலால் எழுதுவார்களே, அந்த மாதிரி. லத்தீன் பக்கம் அந்தக் குறிப்பு நகல் எடுத்தவர்கள் கையில் மெல்ல வசனத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

லில்லி அத்தை: அப்படியென்றால் நம் வேதாகமத்தில் எப்படி வந்தது?

ஜெபா: எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516ல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சுப் போட்டார். அதில் இல்லை. 1519 பதிப்பிலும் இல்லை. "ஏன் விட்டாய்" என்று பெரிய சண்டை. பிறகு அந்த வரி உள்ள ஒரு கிரேக்கப் பிரதி கிடைத்தது, 1522ல் சேர்த்துவிட்டார். அந்தப் பிரதியே அவர் காலத்தில் எழுதியதுதான். இப்போது டப்ளினில் டிரினிட்டி காலேஜில் இருக்கிறது, பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள் 😄 அந்த வரிசைப் பதிப்புகளைப் பார்த்துத்தான் 1611ல் ஆங்கிலத்தில் ஜேம்ஸ் ராஜா வேதாகமம் வந்தது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 1871. பத்து வருஷம் கழித்து இங்கிலாந்தில் திருத்திய புதிய ஏற்பாடு வந்தபோது அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

ஜெபா: லூத்தர் உயிரோடு இருந்தவரை அவருடைய ஜெர்மன் வேதாகமத்திலும் அது கிடையாது. அவர் திரித்துவத்தை மறுத்தாரா என்ன?

லில்லி அத்தை: அடக் கடவுளே. நான் கோவில் பெண்கள் ஐக்கியக் குழுவுக்கு வேறு அனுப்பிவிட்டேன்.

மாலா சித்தி: எல்லாருக்கும் டிலீட் கொடுங்கள் மதினி, சீக்கிரம்.

சித்தப்பா: விஞ்ஞானி நியூட்டனே இந்த வசனம் போலி என்று எழுதி வைத்தார். பயந்துகொண்டு வெளியிடவில்லை, செத்த பிறகு 1754ல்தான் அச்சில் வந்தது. ஜெபா இவ்வளவு ஒத்துக்கொண்டது சந்தோஷம். அப்படியே மத்தேயு 28:19ஐயும் ஒத்துக்கொள்.

ஜெபா: அங்கேதான் நான் நின்றுவிடுவேன் சித்தப்பா. "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்பது அந்த அதிகாரம் மிஞ்சியிருக்கிற எல்லாக் கிரேக்கப் பிரதிகளிலும் இருக்கிறது. இது ஓரத்தில் இருந்து வந்தது இல்லை.

சித்தப்பா: ஆதிச் சபை வரலாற்றை எழுதிய செசரியா யூசேபியஸ் "என் நாமத்திலே" என்று சுருக்கமாகத்தான் மேற்கோள் காட்டுகிறார். அவர் கையில் எந்தப் பிரதி இருந்தது என்று உனக்குத் தெரியுமா?

ஜெபா: அதே யூசேபியஸ் 325ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் முடிந்ததும் தன் சபைக்கு எழுதிய கடிதத்தில் முழு வசனத்தையும் எழுதுகிறார். இரண்டு விதமாகவும் எழுதியவரை ஒரு பக்கத்துச் சாட்சியாக நிறுத்த முடியாது. ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது என்று சொல்லும் 'திதாகே' என்ற ஆதிச் சபைக் குறிப்பிலும் மூன்று பெயரும் இருக்கிறது. அது நிசேயாவுக்கு வெகு காலம் முந்தியது.

சித்தப்பா: அப்போஸ்தலர் 2:38? 8:16? 10:48? 19:5? பேதுருவும் பவுலும் யார் நாமத்தில் கொடுத்தார்கள்? இயேசுவின் நாமத்தில்தானே? உங்கள் ஐயரிடம் கேட்டால் இதற்கு மட்டும் இருமல் வந்துவிடும்.

பெரியப்பா: கேள்வி நியாயமானதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்தவனை மறுபடி முழுக்க வேண்டும் என்று கிளம்பியது எப்போது? 1913ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் ஒருவர் இதைச் சொல்ல, அடுத்த வருஷம் இரண்டு போதகர்கள் ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். 1916ல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை திரித்துவ அறிக்கை போட்டதும் இந்த 'இயேசுவின் நாமம் மட்டும்' கூட்டத்தார் பிரிந்து போனார்கள். ரிட்டயர் ஆன பிறகு நானும் படிக்கிறேன் தம்பி.

சித்தப்பா: "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்." யோவான் 14:9. இதற்கு மேல் என்ன வேண்டும் அண்ணே?

ஜெபா: அதே அதிகாரம் 28ம் வசனத்தில் "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்கிறார். கெத்செமனேயில் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று யாரிடம் கெஞ்சினார்? இரண்டு பக்கத்து வசனத்தையும் கையில் வைத்துக்கொண்டு திண்டாடியதால்தான் சபைக்கு இத்தனை வருஷச் சண்டை. குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவுக்கு எதிராக நிசேயாவில் நின்றவர்களோ, பிறகு அதே பக்கம் காலமெல்லாம் எழுதிய ஆயர் அத்தனாசியுஸோ, அந்த ஏழாம் வசனத்தை எடுத்து வீசவே இல்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? அதனால் அது போனால் திரித்துவம் போச்சு என்று அத்தை பதறவும் வேண்டாம், ஜெயித்துவிட்டோம் என்று சித்தப்பா துள்ளவும் வேண்டாம்.

லில்லி அத்தை: டிலீட் பண்ணிவிட்டேன். ஆனால் ஐயர் அம்மா ஏற்கெனவே ஆமென் போட்டிருக்கிறார்கள் 😔

டேனி: சரி, இப்போது நான் சொல்லட்டுமா. அவளிடம் பேசிவிட்டேன். குழந்தையில் எனக்குக் கொடுத்தது போதும், வளர்ந்த பிறகு அதை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் எடுத்திருக்கிறேன், மறுபடி எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் எடுத்ததை நானும் கேள்வி கேட்க மாட்டேன். அவளுக்குச் சரிதான். அவள் தாய்மாமாதான் போதகர், அவர்தான் விடமாட்டேன் என்கிறார். வியாழக்கிழமை பெரியவர்களாக வந்து பேசச் சொல்கிறார்.

மாலா சித்தி: அடுத்த மாதம் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் என்று சேகர ஆபீசில் சொல்லியாகிவிட்டது. ஞாபகம் இருக்கட்டும்.

பெரியப்பா: போவோம். யாரும் அங்கே ஏழாம் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. லில்லி, உன்னைத்தான். மத்தேயு போதும். தம்பி, நீயும் வா.

சித்தப்பா: நானா?

பெரியப்பா: அவர்கள் பாஷை உனக்குத்தான் தெரியும். நீ எங்கள் வீட்டுக்காரன் என்பதையும் அவர்கள் பார்க்கட்டும்.

சித்தப்பா: வருகிறேன் அண்ணே. ஆனால் அப்போஸ்தலர் 2:38 வந்தால் நான் அவர்கள் பக்கம்தான் பேசுவேன்.

பெரியப்பா: தாராளமாகப் பேசு. சாப்பாட்டுக்கு முன்னால் பேசி முடித்துவிடு.