கட்டிப்பிடித்தே ஜெயிப்பது குத்துச்சண்டையில் எப்படி அனுமதிக்கப்படுகிறது?

இடைவேளைமணி எழுதியது:

2013 அக்டோபரில் மாஸ்கோவில் நடந்த விளாடிமிர் கிளிட்ச்கோ – அலெக்சாண்டர் பொவெட்கின் சண்டையை நேற்று முழுவதுமாகப் பார்த்தேன். பொவெட்கின் நான்கு முறை விழுந்தார், அதில் மூன்று ஏழாவது சுற்றிலேயே. மதிப்பெண் நடுவர்கள் மூவருமே 119–104 என்று எழுதினார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் கிளிட்ச்கோ வெளுத்து வாங்கிய சண்டை. திரையில் தெரிந்ததோ வேறு. கிளிட்ச்கோ ஒரு ஜாப் (முன்கையால் விடும் நேர்குத்து) விடுகிறார், பொவெட்கின் குனிந்து உள்ளே வருகிறார், உடனே கிளிட்ச்கோ அவர் கழுத்தின்மேல் கையைப் போட்டு மொத்த உடம்பையும் சாய்த்துவிடுகிறார். நடுவர் பிரித்துவிட்டால் மறுபடியும் அதே. பதினோராவது சுற்றில்தான் நடுவர் ஒரு புள்ளியைக் கழித்தார். அதற்குள் சண்டையின் போக்கு தீர்மானமாகிவிட்டது.

பிடிப்பது தவறு என்றுதானே விதி சொல்கிறது? பிறகு எப்படி ஓர் உலகச் சாம்பியன் அதையே பிழைப்பாகச் செய்ய முடிகிறது? இதில் திறமை என்று ஏதாவது உண்டா? மாட்டிக்கொண்டவன் என்னதான் செய்வது?

கயிற்றோரம் எழுதியது:

திறமையாவது ஒன்றாவது. ஜான் ரூயிஸும் ஹோலிஃபீல்டும் மூன்று முறை மோதினார்கள், பிடியும் பிரிப்புமாகவே. மூன்றையும் தூங்காமல் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாலை போடுகிறேன். ஒரு சுற்றுக்கு மூன்று பிடிக்கு மேல் போனால் புள்ளியைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பழையகையுறை எழுதியது:

கயிற்றோரம், உங்கள் கோபம் பார்வையாளரின் கோபம், அதில் தவறில்லை. ஆனால் திறமை இல்லை என்று சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெச்சூரில் ஆடிவிட்டு இப்போது இளைஞர்களுக்குச் சொல்லித்தருகிறவன் நான். நேராக ஜாப் விடக் கற்றுக்கொண்ட பையன்களில் பாதிப் பேருக்குக் கூட ஒழுங்காகப் பிடிக்க வராது.

ஒழுங்காகப் பிடிப்பது எப்படி என்று கேட்டால் இப்படித்தான். எதிராளியின் குத்து கிளம்பும்போதே உள்ளே நுழைய வேண்டும், முடிந்த பிறகு அல்ல. அவன் கையுறை நம் அக்குளுக்குள் போய்ச் சிக்க வேண்டும். மற்றக் கையால் அவனுடைய இன்னொரு முழங்கையின் மடிப்பை அமுக்க வேண்டும். தலை அவன் தலைக்குப் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கீழிருந்து மேலே கிளம்பும் அப்பர்கட் வந்து தாடையைத் தேடும். இடுப்பு அவன் இடுப்போடு சேர வேண்டும். இதையெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் செய்ய வேண்டும், அதுவும் பல நேரங்களில் அடிபட்டுக் கால் தள்ளாடும்போது. அந்த நிலையில் கையை வெறுமனே நீட்டித் துழாவுகிறவன் அடுத்த குத்தில் விழுகிறான்.

இது உயிர் தப்பப் பிடிக்கும் பிடி. கிளிட்ச்கோ பிடித்தது எதிராளியைக் களைக்க வைக்கும் பிடி. அவர் உயரம் 198 சென்டிமீட்டர். பொவெட்கின் அவரைவிட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் குறைவு. குனிந்து வருகிறவனின் பிடரியில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆள் சாய்ந்தால், கீழே இருப்பவன் தன் எடையையும் அவன் எடையையும் சேர்த்துத் தொடையால் தூக்கி நிமிர வேண்டும். ஒரு முறை என்றால் பரவாயில்லை. சுற்றுக்குச் சுற்று அதையே செய்தால் முதலில் தொடை போகும், பிறகு தோள் கனக்கும், கையைத் தாடைவரை உயர்த்துவதே வேலையாகிவிடும். மேலே சாய்ந்தவனுக்கோ அது ஓய்வு. ஃபோர்மனை அலி சாய்த்த 1974 கின்ஷாசா சண்டையைப் பற்றி எல்லாரும் கயிற்றில் சாய்ந்து அடிவாங்கிய கதையையே சொல்கிறார்கள். அலியின் கை எத்தனை முறை ஃபோர்மனின் கழுத்தைக் கீழே இழுத்தது என்று மட்டும் பார்த்துக்கொண்டு அந்தச் சண்டையை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எட்டாவது சுற்றில் ஃபோர்மன் ஏன் அப்படிக் களைத்திருந்தார் என்பது புரியும்.

விதிக்கு வருகிறேன். மல்லுக்கட்டுவதும் கட்டிப்பிடிப்பதும் கூடாது என்று நவீனக் குத்துச்சண்டைக்கு அடித்தளமான 1867 குவீன்ஸ்பெரி விதிகளிலேயே இருக்கிறது. இன்றைய விதிகளிலும் தவறுதான். ஆனால் எப்போது எச்சரிப்பது, எப்போது புள்ளியைக் கழிப்பது, எப்போது வெளியேற்றுவது என்பதெல்லாம் நடுவர் கையில். ஆகவே யார் நடுவர் என்பதே பாதிச் சண்டை.

இதை ஜோ ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் அளவுக்கு உணர்ந்தவர் இல்லை. 1974 ஜனவரியில் நடந்த இரண்டாவது சண்டையில் அலி ஃபிரேசியரின் பிடரியை விடாமல் பிடித்தே பன்னிரண்டு சுற்றையும் ஓட்டினார், நடுவர் டோனி பெரெஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மணிலா சண்டைக்கு யார் நடுவராக வரக்கூடாது, யார் வரலாம் என்று ஃபட்ச் மல்லுக்கு நின்றார். கடைசியில் அந்த நாட்டுக்காரரான கார்லோஸ் படில்லா வந்தார். அலியின் கை கழுத்துக்குப் போகும்போதெல்லாம் அதைத் தட்டிவிட்டார். அலி வென்றாலும் பிடிக்க வழியில்லாமல் நின்று அடிவாங்கி வென்றார். சண்டை அவ்வளவு கொடூரமாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுகோடிக்கு உதாரணம் 1997 ஜூலை, லெனாக்ஸ் லூயிஸ் – ஹென்றி அகின்வாண்டே. அகின்வாண்டே பிடித்துக்கொண்டே இருந்தார், ஐந்தாவது சுற்றில் நடுவர் மில்ஸ் லேன் அவரைத் தகுதியிழக்கச் செய்துவிட்டார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மைக் டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த சண்டையை இதே லேன் முடித்து வைத்திருந்தார். பொறுமை மிச்சமிருக்குமா என்ன!

மாட்டிக்கொண்டவன் செய்யக்கூடாதது, நேராகப் பின்னால் இழுப்பது. இழுத்தால் கை விடுபடும், கூடவே முகமும் வெட்டவெளிக்கு வரும். ஒரு கை விடுதலையாக இருந்தால் விலாவில் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கையும் சிக்கினால்தான் பெரும்பாலான நடுவர்கள் பிரிப்பார்கள். மேலே ஒருவன் சாய்ந்தால், முழங்காலை மடித்துத் தாழ்ந்து, பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் அவன் எடை வெற்றிடத்தில் விழும். இரண்டு கையையும் அகல விரித்து, பிடிப்பது தான் அல்ல என்று நடுவருக்குக் காட்டுவதும் பழைய தந்திரம்தான். கொஞ்சம் நாடகமும் வேண்டியிருக்கிறது.

இடதுகைக்காரன் எழுதியது:

பழையகையுறை ஐயா சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. உடனே பிரிப்பதும் அநியாயமாகலாம். 2007 டிசம்பரில் மேவெதரோடு மோதிய ரிக்கி ஹேட்டனைப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு குத்துவதுதான் ஹேட்டனின் ஆட்டம். 2005இல் கோஸ்ட்யா ஜூவை அப்படித்தான் கடைசிச் சுற்றுக்கு எழுந்து வரமுடியாமல் செய்தார். மேவெதர் சண்டையிலோ நடுவர் ஜோ கோர்டெஸ் ஹேட்டன் வேலையைத் தொடங்கும் முன்பே பிரித்துக்கொண்டிருந்தார். கயிற்றோரம் கேட்கிற மூன்று பிடிச் சட்டம் வந்தால் தூரத்திலிருந்து ஆடுகிறவனுக்கே கொண்டாட்டம்.

இடைவேளைமணி எழுதியது:

நன்றி ஐயா. பொவெட்கின் சண்டையை மறுபடியும் ஓட்டி, அவர் கால்களை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு பிடியிலும் நேராக நிமிரத்தான் முயல்கிறார், பக்கவாட்டில் நகரவே இல்லை. ஆனால் நகர்ந்துதான் கிளிட்ச்கோவை வெல்ல முடியுமா? அவரை வென்ற டைசன் ஃபியூரி என்ன செய்தார்?

பழையகையுறை எழுதியது:

ஃபியூரி பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 206 சென்டிமீட்டர் ஆளின் கழுத்தில் எப்படிச் சாய்வது? 2015 நவம்பரில் டுசெல்டார்ஃப்பில் கிளிட்ச்கோவுக்கு அந்த ஆயுதம் கையில் இல்லை. ஜாபும் எட்டவில்லை. பன்னிரண்டு சுற்றும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். 2020 பிப்ரவரியில் வைல்டர்மீது ஃபியூரியே அதே வேலையைக் காட்டினார். எடை கூட்டிக்கொண்டு வந்து கழுத்தில் தொங்கினார், ஐந்தாவது சுற்றில் நடுவர் கென்னி பேலெஸ் ஒரு புள்ளியைக் கழித்தார், ஏழாவதில் வைல்டரின் மூலையிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் துண்டு பறந்தது. ஒரு புள்ளிதானே, யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள். கயிற்றோரம் கேட்கிற தண்டனை வேலை செய்ய வேண்டுமென்றால் இரண்டாவது சுற்றிலேயே கழிக்கத் துணிகிற நடுவர் வேண்டும். அப்படிப்பட்டவரைப் பெரிய சண்டைக்குக் கூப்பிடுவார்களா என்பது வேறு விஷயம்.