பெண்டோனைட் குழம்பு (அஸ்திவார பைல் குழியோட சுவர் சரியாம தாங்குற களிமண் குழம்பு): விஸ்கோமீட்டர் மோட்டார் நின்னும் முள் பூஜ்யத்துக்கு வராததைப் பார்த்தவங்க இருக்கீங்களா?

உப்பனாறு_குழம்பு
22.5 கிராம் தூள், 350 மி.லி. தண்ணி, 20 நிமிஷம் மிக்ஸர், 16 மணி நேரம் ஊறல். விஸ்கோமீட்டர்ல (ஸ்லீவ்ங்கிற உருளையைச் சுத்தி, குழம்போட கெட்டித்தன்மையை ஸ்பிரிங்கும் முள்ளும் வச்சு அளக்குற கருவி) 600 ஆர்பிஎம்ல கலக்கி உடைச்சு, ஜெல்லா உறைய 10 நிமிஷம் அசையாம விட்டு, 3 ஆர்பிஎம்ல உச்ச அளவு, அதாவது ஜெல் வலு, எடுத்தாச்சு. அதுவரை வழக்கம்தான். மோட்டாரை அணைச்சா முள் பாதி வழியிலேயே நின்னுடுச்சு. ஸ்லீவை விரலால எதிர்ப்பக்கம் இம்மியளவு திருப்பினதும் சரசரன்னு இறங்குச்சு. எந்தப் பக்கம் ஓடினோம்னு ஜெல்லுக்குத் தெரியுது.

வில்லியனூர்_லேப்
பேரிங்ல மண் ஏறியிருக்கும். வெறும் தண்ணி ஊத்திப் பாருங்க சார்.

உப்பனாறு_குழம்பு
பார்த்தாச்சுங்க. தண்ணில உடனே பூஜ்யம். ஸ்பிரிங் இழுக்குற விசை ஜெல்லோட வலுவைவிடக் குறைஞ்சதும், ஜெல் அப்படியே பிடிச்சு வச்சுக்குது.

சங்கராபரணி_பைல்
உண்மைதான். அதனாலதான் முன்னாடி எப்படி ஓட்டினோம்னு எழுதாத ஜெல் அளவை நம்பவே கூடாது. வேகமா ஓட்டி சட்டுனு நிறுத்தினா கொத்துக்கொத்தா இருந்த துகள் உடைஞ்சு வலை சீராப் பின்னும். ரொம்ப மெதுவா ஓட்டினா துகள் திரண்டு இறுகி, நடுவுல பெரிய வெற்றிடம் விழும். ஜெல் வலு குறைஞ்சிடும்.

வில்லியனூர்_லேப்
அது உருண்டைத் துகளுக்கு. பெண்டோனைட் தகடு. லேசா அசைச்சா சீக்கிரம் உறையும்னு 1930கள்லயே ரியோபெக்ஸின்னு பேர் வச்சுட்டாங்க. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாதீங்க.

பரங்கிப்பேட்டை_ரிக்
கேக்காட்டியும் சொல்றேன், சைட்ல இருக்குற தம்பிங்களுக்கு உதவும். கரண்ட் போய் டிஎம்சி பம்ப் (துளை போடும்போது குழம்பைக் குழிக்குள்ள சுழல விடுறது) ஒரு மணி நேரம் நின்னா, வந்ததும் முழு வேகத்துல போடாதீங்க. குழிக்குள்ள ஜெல் கட்டியிருக்கும். அதைத் தள்ளுற அழுத்தம் மணல் சுவரைப் பிளந்து குழம்பை வெளியே விட்டுடும். முதல்ல ராடை மெதுவாச் சுத்துங்க, அப்புறம் பம்பைக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. டூலை வெடுக்குனு மேல தூக்காதீங்க. கீழ உறிஞ்சல் விழுந்து சுவர் சரியும்.

மார்ஷ் கோன்ல (குழம்பு வடியுற நேரத்தை வச்சுக் கெட்டித்தன்மை பார்க்குற புனல்) நல்ல தண்ணி 26 செகண்டு, குழம்பு 30 முதல் 60க்குள்ள. கலக்கின கையோட ஊத்துங்க. அரை மணி நேரம் தொட்டியில கிடந்ததை அள்ளி ஊத்தினா அளவு ஏறிக் காட்டும், அதை நம்பித் தண்ணி சேர்த்துடுவீங்க.

உப்பங்கழித் தண்ணில காஞ்ச தூளைக் கொட்டவே கொட்டாதீங்க. தகடு பிரியாம அடியில படிஞ்சிடும். நல்ல தண்ணில ராத்திரி முழுக்க ஊறவச்சு, அப்புறம் சேருங்க. சிமென்ட் பட்டுக் கெட்டியானா தண்ணி ஊத்தித் தளர்த்தாதீங்க, சோடியம் பைகார்பனேட் போட்டு சிமென்ட்ல இருந்து வந்த கால்சியத்தைப் படிய வைங்க.