மறு: சவரக்கத்தியைத் 'தோலில் தீட்டல்' – 'நீவல்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தொகுத்துவரும் சவரக்கத்திச் சொற்பட்டியலில், கல்லில் செய்யும் வேலைக்கும் தோல்வாரில் செய்யும் வேலைக்கும் 'தீட்டல்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, முன்னால் கல், தோல் என்று ஒட்டினால் போதும் என்று முந்தைய மடலில் ஒரு கருத்து வந்திருந்தது. கல்தீட்டல், தோல்தீட்டல். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே கத்தி தீட்டப் பழகிய நாளில் எனக்குக் கிடைத்த தமிழ்க் குறிப்பு ஒன்றில், முதலில் கல்லில் தீட்டவும், பிறகு தோலில் தீட்டவும் என்று இருந்தது. கல்லில் கத்தியின் வாய், அதாவது வெட்டும் ஓரம், முன்னே போகும்; எதிர்ப்பக்கத்துத் தடித்த ஓரமான முதுகு பின்னே வரும். கல்லின் மேற்பரப்பை மெல்லியதாகச் சீவி எடுப்பதுபோல் ஓர் அசைவு. அதே அசைவைத் தோல்வாரிலும் செய்தேன். முதல் தள்ளலிலேயே வாய் தோலுக்குள் இறங்கிவிட்டது. வாரில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. ஒரு மணி நேரம் கல்லில் உழைத்து ஏற்றிய கூரும் அந்த நொடியிலேயே போயிற்று. தோலில் முதுகுதான் முன்னே போக வேண்டும், வாய் அதன் பின்னால் இழுபட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. குறிப்பை எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதால், அவர் கைக்குத் தெரிந்தது என் கைக்கு வந்து சேரவில்லை.

ஆகவே, இந்த இரண்டு வேலைகளும் எப்படி வேறுபடுகின்றன என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கல் இரும்பைத் தின்னும். சவரக்கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும். முதுகின் கனமே வாயின் கோணத்தை முடிவு செய்கிறது. முதுகு 5 மி.மீ. கனமும், முதுகிலிருந்து வாய் வரை 18 மி.மீ. அகலமும் இருந்தால், இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 16 பாகை வரும். முதுகு தேயாமலிருக்க மின்கம்பி டேப் ஒரு சுற்று ஒட்டுகிறவர்களுக்கு இன்னும் 1 பாகை கூடும். கல்லின் எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். ஜப்பானியத் தரப்படி 1000 எண் கல்லின் துகள் சுமார் 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 8000 எண் கல்லின் துகள் சுமார் 1.2 மைக்ரான். முன்னதில் வாயின் இருபுறமும் சரிவு உருவாகிறது, பின்னதில் அந்தச் சரிவின் கீறல்கள் மறைகின்றன. இந்தச் சரிவுக்குச் 'சாய்தளம்' என்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. கணிதப் பாடத்துக்கு அது பொருந்தும். கல்லுக்கும் கூருக்கும் நடுவே புழங்குகிறவர்களிடம் 'பட்டை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோம் அல்லவா? கத்திக்கும் 'வாய்ப்பட்டை' என்றே சொல்லிவிடலாம். 1000 எண் கல்லில் செய்வது 'பட்டை எடுத்தல்', அதற்கு மேல் போகிற கற்களில் செய்வது 'தீட்டல்'. இந்த இடத்தில் தீட்டல் என்ற சொல் சரியாகவே உட்காருகிறது.

தோல் அப்படியல்ல. பசை எதுவும் தடவாத தோல், கல்லோடு ஒப்பிட்டால் இரும்பை எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். வாயின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் பிசிறைப் படிய வைத்து, வாயை நேராக்கி வழவழப்பாக்குகிறது. கல்லுக்குப் போவது எப்போதாவதுதான். தோலில் இழுப்பதோ ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும், முப்பது நாற்பது முறை. அடிக்கடி செய்யும் வேலைக்குத்தான் தனிச்சொல் முதலில் வேண்டும்.

இந்த மடல் இழையில் வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'மெருகூட்டல்' கடைசிக் கல்லில் நடப்பதற்குப் பொருந்தும், அங்கே வைத்துக்கொள்ளலாம். 'பதப்படுத்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கத்தி பதமாக இருக்கிறது என்று சொல்வதால் ஆசையைத் தூண்டும் சொல்தான். ஆனால் பக்கத்தில் தோல் வந்ததும் பொருளே மாறிவிடும். 'தோலில் பதப்படுத்துதல்' என்று படித்தால் யாருக்கும் தோல் பதனிடும் தொழில்தான் நினைவுக்கு வரும். 'வருடல்' மென்மையான சொல், ஆனால் அதற்குத் திசை இல்லை. எந்தப் பக்கமும் வருடலாம்.

'நீவல்' என்ற சொல்லுக்குத் திசை உண்டு. குழந்தையின் தலைமுடியை நீவுகிறோம், பூனையின் முதுகை நீவுகிறோம், கசங்கிய துணியை நீவிவிடுகிறோம். யாரும் முடியை எதிர்த்து நீவுவதில்லை. படிந்த பக்கமே கை போகும். புதிதாகப் பழகுகிற ஒருவரிடம் 'கத்தியைத் தோலில் நீவு' என்று சொல்லிப் பாருங்கள், வாயை முன்னே தள்ள அவருக்குத் தோன்றாது. அழுத்தம் கூடாது என்பதும் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. அழுத்தினால் தோல் குழிந்து வாயின் ஓரத்தில் மேலெழும், வாய் உருண்டுவிடும். வார் இறுக்கமாக இருக்க வேண்டும், கை இலேசாக இருக்க வேண்டும். ஓட்டத்தின் முடிவில் கத்தியை முதுகின்மேல் புரட்ட வேண்டும், வாயின்மேல் அல்ல. இதை மட்டும் எந்தச் சொல்லாலும் கற்றுக்கொடுக்க முடியவில்லை, பார்த்துத்தான் பழக வேண்டியிருக்கிறது.

குரோமியம் ஆக்சைடு என்ற மெருகேற்றும் பசை தடவிய தோல் இரும்பை எடுக்கத்தானே செய்கிறது, அது தீட்டல் ஆகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எடுப்பது உண்மைதான். ஆனால் அங்கும் முதுகுதான் முன்னே போகிறது. என் கணக்கில் பெயரைத் திசையே முடிவு செய்ய வேண்டும், இரும்பு எவ்வளவு போகிறது என்பது அடுத்ததுதான். திசை தவறினால் தோலும் போகும், கூரும் போகும். அதை 'பசைநீவல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

கருவியின் பெயரில்தான் எனக்கே ஒரு சிக்கல். வார் என்ற நல்ல சொல் இருப்பதால் முதலில் 'நீவுவார்' என்று எழுதிப் பார்த்தேன். அது 'அவர் நீவுவார்' என்ற வினைமுற்றாகிவிட்டது! 'தினமும் நீவுவாரை நீவுவார்' என்று ஒரு வரி எழுத நேர்ந்தால் படிப்பவர் நின்றுவிடுவார். 'நீவல்வார்' அல்லது 'நீவுதோல்' என்று வைக்கலாம். ஆனால் பல வார்களில் ஒரு பக்கம் தோலும் மறுபக்கம் கெட்டித் துணியும் இருக்கும் என்பதால் 'நீவுதோல்' முழுவதையும் தழுவவில்லை. என் சாய்வு 'நீவல்வார்' பக்கம்.

அடுத்து, கூர் பார்க்கும் சோதனைகள். நனைத்த கட்டைவிரல் நகத்தின்மேல் வாயை எடையே இல்லாமல் இழுத்துப் பார்ப்பது 'நகச்சோதனை'. பட்டை சரியாக எடுபட்டிருந்தால் வாய் நகத்தைக் கவ்விக்கொண்டு சீராக நகரும். வழுக்கினால் பட்டை இன்னும் வரவில்லை. நடுவில் ஓரிடத்தில் துள்ளினால் அங்கே பொக்கை இருக்கிறது. இதைப் பட்டை எடுக்கும் கட்டத்தோடு நிறுத்திவிட வேண்டும். தீட்டி முடித்த வாயை நகத்தில் இழுத்தால் அந்த வாய் கெடும். சொற்பட்டியலில் இதற்கான விளக்கத்திலேயே இந்த எச்சரிக்கையைச் சேர்த்துவிடுங்கள்.

'பொக்கை' என்று மேலே எழுதியதும் ஒரு பரிந்துரைதான். வாயிலிருந்து நுண்ணிய துண்டு பெயர்ந்துபோவதற்கும் வாய் தேய்ந்து மழுங்குவதற்கும் ஒரே சொல் போதாது. 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் சவர அலகை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உருக்கைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி, வளைந்து கொடுக்கும்போது சில இடங்களில் வாயைத் தெறிக்க வைக்கிறது என்று கண்டார்கள். தேய்வது 'மழுங்கல்', தெறிப்பது 'பொக்கை'. வாய் என்று ஒன்று இருக்கும்போது பொக்கை வாயும் இருக்கத்தானே செய்யும்.

இன்னொன்று, முடி ஒன்றை விரல்களுக்கிடையில் தொங்கவிட்டு வாயில் படவைத்துப் பார்க்கும் சோதனை. நன்கு நீவிய கத்தி என்றால் முடி ஓசையே இல்லாமல் இரண்டாகும். கூர் கொஞ்சம் குறைந்தால் 'டிக்' என்று மெல்லிய ஒலி, இன்னும் குறைந்தால் முடி வாயின்மேல் சறுக்கிக்கொண்டு போய்விடும். முடியின் மேற்புறச் செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருப்பதால், எந்த முனையைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு மாறும். தடித்த முடி எளிதில் அறுபடும், மெல்லிய முடி ஏமாற்றும். ஒருவரே, ஒரே தலையின் முடியை, ஒரே முனையில் பிடித்துத் தொடர்ந்து பார்த்தால்தான் பயன். இதற்கு 'தொங்குமயிர்த் தேர்வு' என்ற பரிந்துரையைச் சிலர் மறுத்திருந்தீர்கள், 'மயிர்' வசையாகிவிட்டது என்று. அந்த நல்ல சொல்லை இழந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் 'மயிரிழை'யை இன்றும் யாரும் கூசாமல் சொல்கிறோம், மயிரிழையில் தப்பினான் என்று எழுதுகிறோம். 'மயிரிழைச் சோதனை' என்றால் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

நேற்று இரவு இந்த மடலை எழுதும் முன் என் கத்தியை மீண்டும் நீவிப் பார்த்தேன். சரியான இழுப்பில் தோல் ஒரே சீரான தாழ்ந்த ஓசை தருகிறது, கை சாய்ந்தால் ஓசை நடுவில் அறுந்துபோகிறது. அந்த ஓசைக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு பெயர் இருக்கக்கூடும். கேட்டவர்கள் இருந்தால் தனி மடலாக அனுப்பாமல் இந்த இழையிலேயே எழுதுங்கள், பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்