கண்டிஷனரில் சேர்க்கும் பிடிஎம்எஸ்: இதைப் புரியவைப்பீர்களா?

தட்டோன் பேத்தி (ரங்கூன்) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். அக்காவும் நானும் வீட்டிலேயே தலைமுடிக் கண்டிஷனர் செய்து, தெரிந்த பெண்களுக்கு விற்கிறோம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் தெய்ஞ்சி சந்தையில் தயோ கின்பூன் (தயோ மரப்பட்டையும் சீயக்காயும் சேர்ந்த கஷாயம்) வாங்கித் தலை முழுகுகிறவர்கள். இடுப்பைத் தாண்டிய முடி, சீப்பு இறங்காது. அதற்காகத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

எண்ணெயையும் தண்ணீரையும் சேர்க்க பிடிஎம்எஸ் என்ற வெள்ளைச் சில்லுகளைப் பயன்படுத்துகிறோம். களிம்பு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஏன் நன்றாக வருகிறது என்று யாராவது கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வாரம் ஒரு அம்மா பொருள் பட்டியலில் பிடிஎம்எஸ்ஸின் முழுப்பெயரான "பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்பேட்" என்பதைப் படித்துவிட்டு, "சல்பேட் முடியைக் கெடுக்கும்" என்று சொல்லிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு கடையில் பிடிஎம்எஸ் 25 என்றும் இன்னொரு கடையில் பிடிஎம்எஸ் 50 என்றும் விற்கிறார்களே, அது எதைக் குறிக்கிறது? ஷாம்பூவிலேயே இதைக் கலந்துவிடலாமா? தனக்கா மரப்பட்டை விழுது சேர்த்த கைக் களிம்புக்கும் இது உதவுமா?

பழைய சோப்புக்காரர் (மோல்மேன்) எழுதுகிறார்:

அம்மா, சோப்பும் களிம்பும் காய்ச்சியே என் வயதில் பெரும்பகுதி போனது. இந்தப் பொருளை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த அம்மாவுக்கான பதில். ஷாம்பூவில் நுரைக்காகப் போடும் சோடியம் லாரில் சல்பேட் வேறு, இது வேறு. லாரில் சல்பேட்டில் அழுக்கையும் எண்ணெயையும் உரித்தெடுக்கும் மூலக்கூறே சல்பேட்தான். இங்கே முடியில் வேலை செய்வது பெஹென்ட்ரைமோனியம். 22 கரியணுக்கள் கோத்த நீண்ட சங்கிலியும், அதன் ஒரு முனையில் நேர்மின்னூட்டம் உள்ள நைட்ரஜன் தலையும் கொண்டது அது. நேர்மின்னூட்டத்துக்கு ஈடாக ஓர் எதிர்மின் துணை வேண்டுமல்லவா? அந்தத் துணைதான் மெத்தோசல்பேட். அதற்கு நுரைக்கவும் தெரியாது, முடியை உரிக்கவும் தெரியாது. அந்த நீண்ட சங்கிலி பெரும்பாலும் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயிலிருந்து வருகிறது. அதையும் அவரிடம் சொல்லுங்கள், மனம் கொஞ்சம் இளகும்.

இந்த நேர்மின்னூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானே விளங்கும். ஈரமான முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. சாயம் போட்ட முடியிலும், வெயில் தின்ற நுனியிலும் அது இன்னும் அதிகம். அதனால் பிடிஎம்எஸ் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதும் அந்த இடங்களில்தான். தண்ணீர் விட்டு அலசிய பிறகும் ஒரு மெல்லிய படலம் முடியில் தங்கிவிடும். இழையும் இழையும் உரசாமல் வழுக்குவது அந்தப் படலத்தால்தான். சாதாரண பால்மமாக்கி எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைப்பதோடு சரி, அலசினால் பெரும்பாலும் போய்விடும். பிடிஎம்எஸ் பால்மமாக்கியாகவும் கண்டிஷனராகவும் நின்று இரண்டு வேலையும் செய்கிறது.

25, 50 என்பவை சில்லில் உள்ள உண்மையான சரக்கின், அதாவது பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்பேட்டின், சதவீதக் கணக்கு. 25 என்றால் நூற்றில் இருபத்தைந்து பங்குதான் பெஹென்ட்ரைமோனியம், மீதி செட்டியரில் ஆல்கஹால். அது மெழுகு போன்ற கொழுப்பு ஆல்கஹால், சாராயம் போலத் தோலை உலர்த்தாது. 50இல் சரக்கு பாதிக்குப் பாதி. மீதியில் பெரும்பாலும் செட்டில் ஆல்கஹாலும் சிறிது பியூட்டிலீன் கிளைக்காலும் இருக்கும். ஆகவே 25இல் 5 கிராம் போடுகிற இடத்தில் 50இல் 2.5 கிராம் போட்டால் சரக்கு ஒன்றுதான். ஆனால் களிம்பு இளகலாக வரும், ஏனென்றால் மெழுகு குறைந்துவிட்டது. கொஞ்சம் செட்டில் ஆல்கஹால் தனியாகச் சேர்த்தால் சரியாகிவிடும். விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காதீர்கள், சரக்கின் விலையைப் பாருங்கள்.

ஷாம்பூவில் கலக்க வேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளையில் உங்கள் கண்டிஷனரைத் தண்ணீரில் கரைத்து, கடை ஷாம்பூ சில துளிகள் விட்டுப் பாருங்கள். வெண்மையாகத் திரிதிரியாகப் பிரியும். சோப்பும் பெரும்பாலான ஷாம்பூக்களின் நுரைப்பொருளும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, முடிக்குப் பயன்படாமல் கசடாகிவிடும். இரண்டையும் ஒரே புட்டியில் அடைக்கும் கம்பெனிகள் அதற்கென்று வேறு வகைப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கின்றன. களிம்பைக் கெட்டியாக்கும் கார்போமரும் சாந்தன் பிசினும் எதிர்மின் பக்கத்தவைதான், அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

நான் செய்யும் அளவு, 100 கிராமுக்கு: தண்ணீர் 86, கிளிசரின் 3, பிடிஎம்எஸ் 25 வகை 5, செட்டில் ஆல்கஹால் 2, தேங்காய் எண்ணெய் 3, பினாக்ஸிஎத்தனால் கலந்த பாதுகாப்புப் பொருள் 1. நம் ஊர் எடைகளான வீசையும் டிக்கலும் பழகிய கைக்கு இது சிரமம்தான், ஆனாலும் பொற்கொல்லர் தராசில் கிராமாகவே நிறுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம். மெழுகுப் பகுதியையும் தண்ணீர்ப் பகுதியையும் தனித்தனிப் பாத்திரங்களில் கொதிநீருக்குள் வைத்து 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கிச் சேர்க்க வேண்டும். மின்சாரம் போகிற நேரமென்றால் கரியடுப்பே போதும், வெப்பமானி மட்டும் கையில் இருக்கட்டும்.

சேர்த்தவுடன் பால் போல நீர்த்துத்தான் இருக்கும். பலர் இங்கேதான் பதறி இன்னும் மெழுகைக் கொட்டுகிறார்கள். பெஹென்ட்ரைமோனியமும் கொழுப்பு ஆல்கஹாலும் ஆறும்போது அடுக்கடுக்காக அமைந்து, நடுவே தண்ணீரைச் சிறைபிடிக்கின்றன. கெட்டித்தன்மை அங்கிருந்துதான் வருகிறது. ஆறும்வரை விடாமல் கிளறி, 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு பாதுகாப்புப் பொருளைச் சேருங்கள். மறுநாள் பாருங்கள், தூக்கினால் கரண்டியில் நிற்கும். பிஎச் தாளில் 4க்கும் 5க்கும் நடுவே காட்டினால் நல்லது. கூடுதலாக இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள்.

பாகோ பாட்டி எழுதுகிறார்:

சின்ன வயதிலிருந்து திஞ்சான் புத்தாண்டுக்குத் தயோ கின்பூனில்தான் தலை முழுகுகிறேன். இந்த வயதிலும் என் பின்னல் கைக்கு அடங்காது. கின்பூன் என்பது நம் சீயக்காய்தானே. இருக்கிற நல்ல பொருளை விட்டுவிட்டு எதற்கு வாயில் நுழையாத பெயர்களெல்லாம்?

பழைய சோப்புக்காரர்:

அம்மா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சீயக்காய் நுரைத்து அழுக்கை எடுக்கிறது, தயோ பட்டையின் வழுவழுப்புப் பசை சிக்கை எடுக்கிறது. கழுவுவதையும் வழுக்கச் செய்வதையும் ஒரே கஷாயத்தில் வைத்த முன்னோர்களின் அறிவை நான் மதிக்கிறேன். உங்கள் முடிக்கு அதுவே போதும். சாயமும் சூட்டுக் கருவியும் பட்ட முடிக்கு அந்தப் பசை போதாது, அலசியதும் போய்விடும். அங்கேதான் பிடிஎம்எஸ் வேண்டியிருக்கிறது. கஷாயத்தால் அலசிவிட்டு அதன் மேல் கண்டிஷனர் போடலாம், தடையில்லை. கஷாயத்தையே களிம்புக்குள் ஊற்றுவது மட்டும் கூடாது. கிருமிக்கு அது விருந்து, சீக்கிரம் கெட்டுவிடும். மரப்பட்டைப் பசைகளில் பல எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் பால்மமும் உடையக்கூடும்.

தட்டோன் பேத்தி:

மிக்க நன்றி ஐயா. அந்த அம்மாவிடம் நாளைக்கே போய்ச் சொல்கிறேன். தனக்காக் களிம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சில்லுகளில் லேசாக மீன் வாடை வருகிறதே, அது கெட்டுப்போன சரக்கா?

பழைய சோப்புக்காரர்:

வாடை லேசாக இருந்தால் பயமில்லை. அமீன் வகைப் பொருளின் இயல்பு அது, ஆறிய களிம்பில் அவ்வளவாகத் தெரியாது. மூக்கைப் பிடிக்க வைத்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

கைக் களிம்புக்குத் தாராளமாக உதவும். பிசுபிசுப்பில்லாமல், பவுடர் பூசியது போல உலர்ந்து நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது பெரிய வசதி. ஆனால் தனக்காவை அரைத்து ஈரமாகச் சேர்க்காதீர்கள், களிம்பு கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும். களிம்பைத் தனியாகப் பூசி, அது உலர்ந்த பிறகு மேலே தனக்காவை இழைத்துப் பூசட்டும். கண்ணில் பட்டால் எரியும் என்று புட்டியில் பர்மிய மொழியிலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். பாத்திரம் கழுவும் முன் ஒட்டியிருக்கும் மிச்சத்தைத் தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இந்த வகைப் பொருள்கள் மீன்களுக்கும் நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கும் நஞ்சு, கால்வாயில் மொத்தமாகக் கொட்டக் கூடாது.