அட்டையில் இருப்பது வேறு, உள்ளே இருப்பது வேறு: சின்ன போர்டில் டிரைவர் ஓட்டிய அனுபவங்கள்

ராஸ்பெர்ரி பை மாதிரி குட்டி கம்ப்யூட்டர் போர்டுகளில் டிரைவரோடு (ஒரு சாதனத்தை வேலை செய்ய வைக்கும் மென்பொருள்) மல்லுக்கட்டியவர்கள் இங்கே எழுதுங்கள், நானே ஆரம்பித்து வைக்கிறேன். என்னிடம் இருப்பது பை 3பி, அதில் ஓடுவது லினக்ஸ். போர்டிலேயே வைஃபை உண்டு, ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். எங்கள் அபார்ட்மெண்டில் அந்த அலைவரிசையில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் முண்டியடிப்பதால் மொட்டைமாடி கேமராவின் படம் விட்டு விட்டுத்தான் வரும். சரி, 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கிற யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று போட்டுவிடலாம் என்று ரிச்சி தெருவில் விரல் நகம் அளவுக்கு ஒன்றை வாங்கினேன். அட்டையில் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே என்ன சிப் என்று மட்டும் எங்கேயும் இல்லை.

செருகினால் வைலேன்1, அதாவது இரண்டாவது வைஃபைக்கு லினக்ஸ் வைக்கும் பெயர், வரவே இல்லை. யுஎஸ்பியில் மாட்டியிருப்பதைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை அடித்துப் பார்த்தேன், 0பிடிஏ:1ஏ2பி என்று ஒரு எண். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதி வைக்கும் குறிப்புகளான டிமெசேஜில் போய்ப் பார்த்தால் சிடி-ராம் டிரைவ் ஒன்று வந்திருப்பதாகச் சொல்கிறது! வைஃபை வாங்கினால் சிடி எங்கிருந்து வந்தது? விஷயம் என்னவென்றால், விண்டோஸ்காரர்கள் டிரைவர் தேடி அலைய வேண்டாம் என்று டாங்கிளுக்குள்ளேயே ஒரு போலி சிடியை வைத்து அதில் டிரைவரைப் போட்டிருக்கிறார்கள். டிரைவர் ஏறியதும் சிடி மறைந்து வைஃபை எழுந்து வரும். லினக்ஸில் 'எஜெக்ட்' கொடுத்து அந்த சிடியை வெளியே தள்ளினால் போதும், அடுத்த நொடி அதே டாங்கிள் 0பிடிஏ:சி811 என்ற வேறு எண்ணோடு வந்து நிற்கும். அந்த எண்ணை வைத்துத்தான் உள்ளே இருப்பது 8821சியு சிப் என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொரு முறையும் கையால் தள்ளிக்கொண்டிருக்க முடியாது இல்லையா, அந்த வேலைக்கென்றே யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது.

அப்புறம் டிரைவர். அன்றைக்கு என் கர்னலில் இந்த சிப்புக்கு எதுவும் இல்லை, கிட்ஹப் தளத்தில் புண்ணியவான்கள் வைத்திருந்த சோர்ஸ் கோடை எடுத்துத்தான் கம்பைல் செய்ய, அதாவது ஓடுகிற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். கம்பைலுக்குத் தேவையான கர்னல் ஹெடர்களைப் போட்டு, கம்பைல் குறிப்புகள் இருக்கும் மேக்ஃபைலைத் திறந்து, சாதாரண பிசிக்கான ஐ386 பிசி என்று இருக்கும் வரியை 'என்' (வேண்டாம்) ஆக்கி, பைக்கான ஏஆர்எம் ஆர்பிஐ வரியை 'ஒய்' (வேண்டும்) ஆக்கி, மேக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டு வரலாம், 1 ஜிபி ராமில் அது அவ்வளவு மெதுவாகத்தான் போகும். டிகேஎம்எஸ் என்ற புரோகிராமில் சேர்த்துவிட்டால் கர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் தானே கம்பைல் ஆகிக்கொள்ளும் என்பார்கள். ஆகும்தான், கர்னலுக்குள் அந்த டிரைவர் கூப்பிடுகிற ஃபங்ஷன் எதுவும் மாறாத வரைக்கும். மாறிவிட்டால் வைஃபை போய்விடும், வைஃபை போனால் தூரத்திலிருந்து உள்ளே நுழைகிற எஸ்எஸ்எச்சும் போய்விடும், கீபோர்டையும் மானிட்டரையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏற வேண்டியதுதான்.

விடிவு 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கர்னலில் பிறந்தது. ஆர்டிடபிள்யு88 என்ற டிரைவருக்குள் யுஎஸ்பி சிப்புகளையும் சேர்த்தார்கள், 8821சியுவும் அதில் ஒன்று. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பு முதலில் 6.1 கர்னலோடு வந்ததால் அதில் கிடைக்கவில்லை, 2024இல் 6.6க்குப் போன பிறகுதான் எனக்குக் கிடைத்தது. பழைய டிகேஎம்எஸ் டிரைவரை எடுத்துவிட்டுத்தான் இதை ஓட விட வேண்டும், இரண்டும் இருந்தால் ஒரே டாங்கிளுக்கு அடித்துக்கொள்ளும். இனிமேல் டாங்கிள் வாங்கப் போகிறவர்கள் சிப் எண்ணைக் கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் வேறு கடை. எம்டி7601யு சிப்பின் டிரைவர் 2015இலிருந்தே கர்னலில் இருக்கிறது, 2.4 மட்டும் போதும் என்பவர்களுக்கு அது. 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டும் என்றால் எம்டி7612யு, அதுவும் கர்னலிலேயே இருக்கிறது, செருகினால் வேலை செய்யும்.

*

அண்ணா, கம்பைல் என்றதும் ஞாபகம் வந்தது. பை 4இல் 32 பிட் ஓஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. 2023இல் வந்த ஃபர்ம்வேர் (சாதனத்தை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) மாற்றத்துக்குப் பிறகு, ஓஎஸ் 32 பிட்டாக இருந்தாலும் கர்னல் மட்டும் 64 பிட்டில் பூட் ஆகும். யுநேம் கட்டளையில் கேட்டால் ஏஆர்ச்64 (64 பிட்) என்கிறது, கம்பைல் செய்கிற ஜிசிசியோ 32 பிட்டுக்குத்தான் கோட் எழுதும், கர்னலில் சேர வேண்டிய டிரைவர் மாட்யூல் எப்படிச் சேரும்? பூட் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் டெக்ஸ்டில் ஏஆர்எம்_64பிட்=0 என்று ஒரு வரி போட்டு ரீபூட் செய்தால் தீர்ந்தது.

*

டிரைவர் தேடுவதற்கு முன்னால் எல்லோரும் சார்ஜரைப் பாருங்கள் ப்ரோ. செல்போன் சார்ஜரும் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கேபிளும் போட்டுவிட்டு 'டாங்கிள் அடிக்கடி டிஸ்கனெக்ட் ஆகிறது, எந்த டிரைவர் போடலாம்' என்று கேட்கிறார்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் டிமெசேஜில் 'அண்டர்வோல்டேஜ்' என்று அதுவே எழுதி வைக்கும். பையின் நிலையைச் சொல்லும் விசிஜென்சிஎம்டி கட்டளையில் கெட் த்ராட்டில்டு கேளுங்கள், 0எக்ஸ்0 என்று வந்தால் பிழைத்தீர்கள், 0எக்ஸ்50005 என்று வந்தால் முதலில் அடாப்டரை மாற்றுங்கள். பை 3க்கு 2.5 ஆம்பியர், பை 4க்கு 3 ஆம்பியர்.

*

என்னுடையது பிரிண்டர் கதை. கும்பகோணத்தில் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், அங்கே எச்பி லேசர்ஜெட் 1020 ஒன்று வருஷக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. அதில் நெட்வொர்க் கிடையாது, யுஎஸ்பி மட்டும்தான். கடையில் இருக்கிற எல்லா சிஸ்டத்திலிருந்தும் பிரிண்ட் போக வேண்டும் என்று கேட்டார், ஒரு ராஸ்பெர்ரி பையை நடுவில் வைத்து, பிரிண்ட் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கப்ஸ் மென்பொருளைப் போட்டு பிரிண்ட் சர்வர் ஆக்கிவிடலாம் என்று இறங்கினேன்.

டிரைவருக்கு எஃப்ஓஓ2இசட்ஜேஎஸ் இருக்கிறது, டெபியன் லினக்ஸில் பாக்கேஜாகவே கிடைக்கும், ஓப்பன் சோர்ஸ். போட்டேன், கப்ஸில் பிரிண்டர் பெயரும் வந்துவிட்டது, டெஸ்ட் பேஜ் அனுப்பினால் 'முடிந்தது' என்று காட்டுகிறது, தாள் மட்டும் அசையவில்லை. இந்த மெஷினின் குணமே அதுதான். தன் ஃபர்ம்வேரைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது, கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை ஊட்ட வேண்டும், விண்டோஸ் டிரைவர் அதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. அந்த ஃபைலின் பெயர் எஸ்ஐஎச்பி1020 டாட் டிஎல். அது ஓப்பன் சோர்ஸ் இல்லை என்பதால் பாக்கேஜோடு வராது, தனியாக எடுக்க வேண்டும்.

எடுத்து, கேட் கட்டளையால் நேராக, லினக்ஸில் பிரிண்டருக்கான வாசலான யுஎஸ்பி எல்பி0க்கு அனுப்பினேன். இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளே ரோலர் 'கர்ர்' என்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அந்தச் சத்தம் வந்தால் ஏறிவிட்டது என்று அர்த்தம். டெஸ்ட் பேஜ் உடனே வந்தது. சித்தப்பா 'இதுக்குத்தானா இவ்வளவு நேரம்' என்றார், சொல்ல மாட்டாரா பின்னே.

கடைத்தெருவில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும், அதனால் பிரிண்டர் ஆன் ஆனதுமே ஃபைல் போகிற மாதிரி ஒரு யுடெவ் ரூல் (சாதனம் மாட்டியதும் தானே ஓடும் கட்டளை) எழுதி வைத்தேன். ஒரு எச்சரிக்கை: கப்ஸுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்த வாசலைத் திறக்கும் யுஎஸ்பிஎல்பி மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்யச் (ஏறாமல் தடுக்கச்) சொல்லி நிறைய இடங்களில் எழுதியிருப்பார்கள். செய்தால் எல்பி0 என்பதே இருக்காது, இந்த வழியில் ஃபர்ம்வேர் போகாது.

*

மேலே சொன்ன பிரிண்டருக்காவது டிரைவர் ஓப்பன் சோர்ஸ், ஃபர்ம்வேர்தான் மூடியது. வேறு ஒரு லேசர் பிரிண்டரில் நான் மாட்டியது தலைகீழ். லினக்ஸ் டிரைவர் கம்பெனியே கொடுக்கிறது, ஆனால் இன்டெல் வகை ப்ராசஸருக்கு மட்டும், அதுவும் ஏற்கெனவே கம்பைல் செய்த பைனரியாக. பை மாதிரி ஏஆர்எம் ப்ராசஸர் போர்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோர்ஸ் இல்லாமல் நம்மால் கம்பைலும் செய்ய முடியாது. 'லினக்ஸ் சப்போர்ட்' என்றால் எந்த ப்ராசஸருக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

*

மலைக்கிராமத்துப் பள்ளி ஒன்றுக்கு இன்டர்நெட் இல்லாமல் ஓடுகிற பை ஒன்று வைத்தோம். பை 5க்கு முந்தைய எதிலும் கடிகாரச் சிப் கிடையாது, நெட்டும் இல்லை என்றால் அணைத்திருந்த நேரமெல்லாம் அதற்குக் கணக்கிலேயே வராது. டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூலை பையின் ஐ2சி இணைப்பில் மாட்டினோம். ஐ2சி டிடெக்ட் கட்டளையில் அதன் முகவரி 68 என்று தெரிந்தால் கம்பி சரி, ஆனால் டிரைவர் இன்னும் பிடிக்கவில்லை. கான்ஃபிக் டெக்ஸ்டில் ஓவர்லே வரி (இந்தச் சாதனம் மாட்டியிருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்வது) போட்டு ரீபூட் ஆனதும் அந்த 68 இருந்த இடத்தில் யுயு என்று வரும், அதுதான் வேண்டும். எங்களுக்கு யுயு வரவே இல்லை. காரணம், பழைய குறிப்புகள் எல்லாம் பூட் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் டெக்ஸ்டைத் திருத்தச் சொல்கின்றன, புக்வோர்மில் அது பூட்டுக்குள் ஃபர்ம்வேர் என்ற ஃபோல்டருக்குக் குடிபோய்விட்டது.

*

பை இல்லாத ஆளும் ஒருவன் இருக்கட்டும். என்னிடம் ஆல்வின்னர் எச்3 ப்ராசஸர் போட்ட போர்டு. போர்டோடு வந்த இமேஜ் 3.4 கர்னலிலேயே நின்றுவிட்டது, இந்த மாதிரி போர்டுகளுக்கான ஆர்ம்பியன் லினக்ஸைப் போட்ட பிறகுதான் மனிதனாக நடத்தியது. அதிலுள்ள மாலி 400 கிராஃபிக்ஸுக்கு லிமா என்ற திறந்த டிரைவர் 2019இல் 5.2 கர்னலில் சேர்ந்தது, சிப் கம்பெனி உதவியில்லாமல் வெளியே இருப்பவர்கள் நோண்டி நோண்டி எழுதியது. டெஸ்க்டாப் இப்போது இழுக்காமல் ஓடுகிறது, பெரிய கேம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு மிச்சம் இருப்பது போர்டின் எஸ்பிஐ இணைப்பில் மாட்டுகிற 3.5 அங்குல டச் ஸ்கிரீன் ஒன்றுதான், படம் வருகிறது, ஆனால் விரலை இடது பக்கம் இழுத்தால் கர்சர் மேலே போகிறது. லினக்ஸில் திரையைக் கையாளும் வேலேண்டில் இதை யாராவது சரி செய்திருந்தால் ஓவர்லே வரியை அப்படியே போடுங்கள்.