கலைச்சொல் உதவி தேவை: 'குளோனிங்' (அருகிய விலங்குகள் பாடம்)

அன்பர்களுக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கான உயிரியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அருகிய விலங்குகளைக் குளோனிங் வழியாக, அதாவது ஒரு விலங்கின் செல்லிலிருந்து அதே மரபணுக்கள் கொண்ட இன்னொன்றை உருவாக்கிக் காப்பது பற்றி ஓர் இயல், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். முதல் வரைவில் எல்லா இடத்திலும் 'நகலாக்கம்' என்றே போட்டிருந்தேன், நேற்று இரவு திருப்பிப் படிக்கும்போது இந்த வாக்கியத்தில் நின்றுவிட்டேன் (ஃபெரட் என்பது கீரி போன்ற ஒரு சிறு விலங்கு):

"1988-இல் இறந்த வில்லா என்ற கருங்கால் ஃபெரட்டின் உறைய வைத்த செல்லிலிருந்து, 2020 டிசம்பர் 10 அன்று எலிசபெத் ஆன் என்ற நகல் பிறந்தது."

நகல் எடுக்கலாம், நகல் கேட்கலாம். நகல் பிறக்குமா? எனக்கு வேண்டியது செயலுக்கு ஒரு சொல், பிறக்கும் விலங்குக்கு ஒரு சொல், செல் கொடுத்த விலங்குக்கு ஒரு சொல். மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தால் நல்லது.

*

தம்பி, நகல் அரபுச் சொல், பிரதி வடசொல். நம்மிடம் 'படி' இருக்கும்போது ஏன் வெளியே போக வேண்டும்? ஏட்டைப் பார்த்துப் படி எடுத்துப் படி எடுத்துத்தான் நம் இலக்கியம் முழுவதும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. செயல் படியாக்கம், பிறப்பது படி, கொடுத்தது மூலம். முடிந்தது.

வேரையும் பாருங்கள். படிதல் என்றால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி அமர்தல். அதிலிருந்தே படிவு, படிவம், படிமம், படிமை. மாடிப்படியும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதுதான், அளக்கும் படியும் ஒரே அளவைத் திரும்பத் திரும்பத் தருவதுதான். 'அப்படி, இப்படி' என்பதில் வரும் படியும் வகை, தன்மை என்ற பொருளில் இதே வேர் என்பது என் துணிபு. ஒன்றின் தன்மை இன்னொன்றில் அப்படியே படிவதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

*

ஐயா, வேர் சரி. ஆனால் நான் விலங்கியல் நடத்துகிறவள், என் சிக்கல் வேறு. 'அப்படியே படிவது' என்கிறீர்களே, இங்கே நடப்பது அதுவல்ல.

வில்லாவின் செல்லை எடுத்து, வீட்டில் வளர்க்கும் ஃபெரட் ஒன்றின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கிவிட்டு அதில் இதைச் சேர்க்கிறார்கள். உருவாகும் கருவை இன்னொரு வளர்ப்பு ஃபெரட் சுமக்கிறது. அதனால் எலிசபெத் ஆனின் உட்கரு வில்லாவுடையது, உட்கருவுக்கு வெளியே தனக்கெனச் சிறிது மரபணு வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியா முட்டை கொடுத்தவளுடையது. முழுப் படி என்று சொன்னாலே தவறு.

அதைவிடப் பெரிய தவறு, 'படி' என்றாலும் 'நகல்' என்றாலும் 'ஒரே மாதிரி நிறையச் செய்வது' என்று பிள்ளைகள் மனத்தில் விழுவது. வகுப்பில் நகலாக்கம் என்று சொன்ன உடனே ஒரு பெண் எழுந்து, "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா ஒரே நோயில எல்லாமே செத்துப்போயிடாதா மிஸ்?" என்று கேட்டாள். அருமையான கேள்வி, ஆனால் நான் சொன்ன சொல்தான் அவளை அங்கே கொண்டுபோனது. குளோன் வழி வந்தவற்றை விட்டுவிட்டால், இன்று இருக்கிற கருங்கால் ஃபெரட்டுகள் எல்லாம் வெறும் 7 விலங்குகளின் வழி வந்தவை. வில்லா அந்த 7-இல் இல்லை, அவளுக்கு வாரிசும் மிஞ்சவில்லை. அவள் மரபணுக்களைத் திரும்பக் கொண்டுவருவது வேறுபாட்டைக் கூட்டுவதற்காக. 1980-இல் உறைய வைத்த செல்லிலிருந்து 2020-இல் பிறந்த பிரெஸ்வால்ஸ்கி என்ற அருகிய காட்டுக்குதிரை இனத்தின் குட்டியும் இப்படித்தான். வேறுபாட்டைச் சேர்க்கிற ஒரு வேலைக்கு 'நகல்' என்று பெயர் வைத்தால் பாதிப் பாடம் சொல்லிலேயே கெட்டுப்போகிறது.

இன்னொன்று, இதே நூலில் பரிணாமத்துக்குப் 'படிமலர்ச்சி' என்று போட்டிருந்தால் இரண்டும் குழம்பும்.

*

டீச்சர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன். குளோன் என்ற சொல்லே விலங்கிலிருந்து வந்ததில்லை. கிரேக்கத்தில் சிறு கிளை, தளிர்க்கொம்பு என்று பொருள். 1903-இல் வெப்பர் என்ற தாவரவியலாளர் விதையில்லாமல் பெருக்கும் செடிகளுக்காக இதைக் கொண்டுவந்தார். நமக்கு அந்த வேலைக்குச் சொல் இல்லையா? பதியம்! மல்லிகைக் கொடியை வளைத்து, நடுவில் ஒரு கணுவை மட்டும் மண்ணில் புதைத்து, மேலே கல் ஒன்றை வைத்துவிட்டு, வேர் பிடித்த பிறகு தாய்க்கொடியிலிருந்து அறுத்துவிடுவோமே, அதுதான் குளோனிங். உட்கருவை முட்டைக்குள் பதிப்பதற்கும் 'பதி' என்ற வேர் பொருந்துகிறது.

எனவே செயல் பதியாக்கம், பிறப்பது பதிக்கன்று, கொடுத்தது தாய்க்கொடி மாதிரி 'தாயுயிர்'. கன்று என்பது தமிழில் செடிக்கும் உண்டு, விலங்குக்கும் உண்டு, தொல்காப்பியத்தின் மரபியல் என்ற இயலில் தொல்காப்பியரே ஓரறிவுயிரான செடிகொடிக்கும் கன்று சொல்லலாம் என்கிறார். வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோமே, அந்தப் பக்கக்கன்று ஒவ்வொன்றும் குளோன்தான். 2001-இல் ஒரு பசுவின் வயிற்றில் குளோனாகப் பிறந்து இரண்டே நாளில் வயிற்றுப்போக்கால் இறந்த நோவா, சங்கப் பாடல்களில் 'ஆமா' என்று வருகிற காட்டுமாட்டினம். அந்தக் குட்டியைப் பதிக்கன்று என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக உட்காருகிறது!

*

ஆமாவுக்குக் கன்று சரி. ஃபெரட்டுக்கு? அதே மரபியல் படி மூங்கா, வெருகு, எலி, அணில் வகைக்குக் குட்டி, அல்லது பறழ். ஃபெரட் மூங்காவை, அதாவது கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட சிறு ஊனுண்ணி, ஆகவே பறழ்தான். ஆட்டுக்கு மறி. 2000-இல் கடைசிப் பெண் ஆடு இறந்து, 2003-இல் அதன் செல்லிலிருந்து பிறந்து, நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் போய்விட்ட பைரனீஸ் மலையாட்டுக் குட்டியைப் 'பதிக்கன்று' என்றால் மரபு வழு. (ஃபெரட்டை 'மரநாய்' என்று எழுதுகிறவர்களும் நிறுத்த வேண்டும், அது வேறு குடும்பம்.) அப்புறம், 'பதி' என்றதும் தலைவன், கணவன், இறைவன்தான் நினைவுக்கு வரும். பதியாக்கம் என்றால் திருமணமா என்று கேட்பார்கள்.

*

எல்லாருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளுக்குக் 'குளோன்' தெரியும். குளோனை, குளோனிலிருந்து, குளோனாக என்று வேற்றுமை உருபும் தடையில்லாமல் ஏற்கிறது. விளங்குகிற சொல்லை எடுத்துவிட்டு விளக்கம் தேவைப்படுகிற சொல்லை வைப்பது மாணவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

*

விளங்குகிறது என்பது பழக்கம்தானே! ஒளிச்சேர்க்கை முதல் நாளில் யாருக்கு விளங்கியது? ஐம்பது சொல்லுக்கு இப்படி விட்டுக்கொடுத்தால் பாடத்தில் தமிழ் வினைமுற்று மட்டும்தான் மிஞ்சும். படியாக்கம் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதையே உறுதிப்படுத்துவோம்.

*

அனைவருக்கும் நன்றி. வெள்ளி வந்துவிட்டது. வந்த மடல்களை எண்ணிப் பார்த்ததில் படியாக்கத்துக்கே ஆதரவு அதிகம், எனவே இயல் முழுவதும் படியாக்கம், முதல் இடத்தில் மட்டும் 'குளோனிங் எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன். மல்லிகைப் பதியம் ஒரு பத்தியாக உள்ளே வந்துவிட்டது, டீச்சர் சொன்ன 7 விலங்குகளின் கணக்கு அதற்கு அடுத்த பத்தியில்.

பிறந்த விலங்குக்கு மட்டும் எந்தச் சொல்லும் மனத்துக்கு ஒப்பவில்லை. கடைசியில் பெயர்ச்சொல்லையே எடுத்துவிட்டேன்: "வில்லாவின் செல்லிலிருந்து எலிசபெத் ஆன் பிறந்தாள்." அஃறிணைக்குப் 'பிறந்தாள்' வழு என்று திருத்துபவர் சொல்வார், பெயர் வைத்த பிறகு 'பிறந்தது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

*

உவப்பினால் திணை மாறுவது வழுவமைதி, அதாவது இலக்கணம் ஏற்றுக்கொள்ளும் வழு, தயங்காமல் விடுங்கள்.

ஆனால் படியாக்கத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்துவிடுகிறேன். வில்லாவின் செல்லிலிருந்தே 2023-இல் பிறந்த இன்னொருத்தி ஆண்டோனியா. அவள் ஓர் ஆணோடு சேர்ந்து 2024-இல் குட்டி ஈன்றாள், அதற்காகத்தான் இத்தனை பாடும். அந்தக் குட்டிகள் யாருக்கும் படி இல்லை. அடுத்த பதிப்பில் அவற்றைப் பற்றி எழுத வேண்டி வரும், 'படியின் குட்டி' என்றா எழுதுவீர்கள்? அப்போது பதியத்தை மறுபடி கொண்டுவருவேன்.